மஞ்சள் வேனில் ஒரு சர்க்கரை டப்பா

"பயப்படாதடா, வண்டில சர்க்கரை டப்பா கீது" என்று அக்கா போனில் சொன்னாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த டப்பாவில் இருந்தது சர்க்கரை இல்லை. அந்த ரகசியம் எனக்கும், நான் வேலை பார்க்கிற பஞ்சர் கடை முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும்.

வேனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் நைனா முப்பது வருஷத்துக்கு மேல் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் ஹார்பருக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு போவார். அம்மா பால்வாடியில் ஆயா. இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் வேலை முடிந்தது. அதே வருஷம் ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அக்காவை வல்லூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. நான் திருவொற்றியூரில் பஞ்சர் கடைக்கு மேலேயே பரணில் படுத்துக்கொள்கிறவன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.

வேறு வீடு பார்க்கலாம் என்று அம்மா சொன்னபோது நைனா ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னாத்துக்குமே வூடு? பொண்ணு வூடு கீது, உன் தம்பி வூடு கீது, பெரம்பூர்ல உன் கூட்டாளி, மூலக்கொத்தளத்துல என் தோஸ்து. ஒவ்வொருத்தர் வாசல்லயும் பத்து பத்து நாள் நின்னா வருசம் ஓடிப்பூடும்."

"நாம இன்னா கோயில் மாடாயா, வாசல் வாசலா நிக்க?"

"மாடு நிக்கும். நாம வண்டில படுத்துக்குவோம்."

அப்படித்தான் ஒரு பழைய ஸ்கூல் வேன் வந்தது. பின்னால் இருந்த சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு நானும் நைனாவும் பிளைவுட்டில் கட்டில் அடித்தோம். ஒரு ஒற்றை அடுப்பு, ஒரு தண்ணீர் கேன், பேட்டரியில் ஓடுகிற ஒரு குட்டி ஃபேன், ஜன்னலுக்கு அம்மாவின் பழைய சேலை. பெயிண்ட் மட்டும் அடிக்க விடவில்லை நான். வண்டி மஞ்சளாகவே இருக்கட்டும் என்றேன். பின்பக்கம் 'குழந்தைகள் உள்ளனர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. "உள்ள கீறது ரெண்டும் கொழந்தைங்க தானே, கரெக்டாத்தான் கீது" என்று சொல்லி அதையும் அழிக்காமல் காப்பாற்றினேன்.

சொந்தக்காரர்கள் முதலில் முறைத்துக்கொண்டார்கள். வாசலில் வண்டியை நிறுத்தி அதிலேயே படுத்தால், "எங்க வூட்ல எடமில்லைனு ஊருக்குச் சொல்றியா?" என்று சண்டைக்கு வந்தார்கள். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, முதல் தடவை ராத்திரி முழுக்க வேன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு ஏற்பாடு தானாக வந்துவிட்டது. படுக்கை வேனில், சாப்பாடு வீட்டில். போகிற வீட்டில் வயிறு காலியாகப் போய் உட்கார வேண்டும். அதில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வழியில் எதையாவது தின்றுவிட்டு வந்து, இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தால் அந்த வீட்டுப் பொம்பளைகள் ஆறு மாதம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். மாமி ஒரு வருஷம் சொல்லிக் காட்டுவாள்.

இனி டப்பா.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையிலும் இரவிலும் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள். போட்ட அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அவளுக்கு ஊசி என்று சொன்ன அன்றே நைனாவும் சர்க்கரையை விட்டுவிட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே விட்டார். அதனால் வேனில் ஒரே ஒரு எவர்சில்வர் டப்பாவில்தான் சர்க்கரை இருக்கும். வேனுக்கும் விருந்தாளிகள் வருவார்கள், அவர்களுக்கு ஒரு டீ போட. இன்னொன்று, ஆபத்துக்கு. ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொல்லியிருந்தாள்.

"வேர்த்து ஊத்துச்சுனா, கை நடுங்குச்சுனா, பேச்சு கொழறுச்சுனா, ஒடம்புல சர்க்கரை எறங்கிடுச்சுனு அர்த்தம். ஒடனே ரெண்டு ஸ்பூன் சர்க்கரைய வாயில போடணும். லேட் பண்ணா மயக்கம் போட்டுடுவாங்க, உசுருக்கே ஆபத்து."

நைனா அதை வேதம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "சர்க்கரை வியாதிக்கு மருந்தே சர்க்கரை தானா சிஸ்டர்? இத்த மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு மூட்டை வாங்கிப் போட்டிருப்போமே" என்று கலாய்த்துவிட்டு, அந்தம்மா சிரிப்பை அடக்குகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை.

வேனுக்குப் போகும்போதெல்லாம் அந்த டப்பாவில் சர்க்கரை குறைந்திருப்பதைக் கவனித்தேன். விருந்தாளி வராத வாரத்திலும் குறைந்தது. ஒரு நாள் மத்தியானம் கண்டுபிடித்துவிட்டேன். நைனா குறட்டை விடும் நேரம் பார்த்து அம்மா டீ போட்டு, டம்ளரில் இரண்டு ஸ்பூன் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் சத்தம் கேட்கக்கூடாது என்று விரலாலேயே கலக்கினாள். அவளை நேராகக் கேட்டால் சத்தியம் செய்து மறுப்பாள். அதனால் மெடிக்கல் ஷாப்பில், சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்கிற இனிப்புத் தூள் வாங்கினேன். வெள்ளையாக, குருணையாக, அசல் சர்க்கரை மாதிரியே இருக்கும். இனிக்கும். உடம்பில் ஒன்றும் ஏறாது. டப்பாவில் இருந்த சர்க்கரையைக் கொட்டிவிட்டு இதை நிரப்பி வைத்தேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் எனக்குத் திருவிழா. அவள் திருடித் திருடிக் குடித்தாள். நான் போய் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "இன்னாம்மா, டீ எப்டி கீது?" என்பேன். "சர்க்கரை இல்லாத டீ எப்டிடா இருக்கும், கழனித்தண்ணி மாதிரி கீது" என்று முகத்தைச் சுளித்துக் காட்டுவாள். கடைக்கு வந்து முதலாளியிடம் அதை நடித்துக் காட்டுவேன். இரண்டு பேரும் டியூபைத் தண்ணித் தொட்டியில் முக்கிக்கொண்டே சிரிப்போம். அவளுடைய உடம்புக்கு நல்லதுதானே செய்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

ஆபத்துக்கும் அந்த டப்பாதான் என்பது எனக்கு ஒரு நாள் கூடத் தோன்றவில்லை.

அன்றைக்கு வேன் வல்லூரில் அக்கா வீட்டு வாசலிலிருந்து ராயபுரத்தில் மாமா வீட்டுக்குப் போக வேண்டும். காலையில் போய் நாஸ்தா அங்கே. மாமி முதல் நாளே வஞ்சிரக் குழம்பு வைத்து, இட்லிக்கு மாவு கரைத்துவிட்டதாகப் போன் செய்திருந்தாள். ஒன்பதரைக்கு மாமா என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாடா மாப்ள, உங்க நைனா எங்க? இட்லி ஆறிக்கினு கீது. உங்க மாமி சட்டிய மொறச்சிக்கினு குந்திகினு கீறா."

நைனா போனுக்கு அடித்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன்தான். அக்கா எடுத்தாள்.

"போனை இங்கயே சார்ஜர்ல மறந்துட்டாங்கடா. எட்டு மணிக்கே கெளம்பிட்டாங்க. இன்னும் போய்ச் சேரலியா?"

"நாஸ்தா துன்னுட்டுத்தானே போச்சு அம்மா?"

"எங்க துன்னுச்சு? மாமி வூட்ல இட்லி காத்துகினு கீது, வயிறு ரொம்பிப் போனா அவ மூஞ்சில முழிக்க முடியாதுனு ஒரு வாய் கூட தொடல. ஊசி மட்டும் இங்கயே போட்டுக்கிச்சு. மாமி ஊசியப் பாத்தா கத்துவாளாம். அரை மணில போய்டுவோம்னுச்சு."

"ஊசி போட்டுக்கினு துன்னாமயா போச்சு?"

"ஆமாடா. வண்டில வேற ஒண்ணுமில்ல. நேத்துதான் கரப்பான் மருந்து அடிச்சோம்னு அரிசி, பிஸ்கெட்டு, பழம் அல்லாத்தையும் என் வூட்ல எறக்கி வச்சிருந்துச்சு." என் மூச்சு மாறியது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். உடனே சொன்னாள். "பயப்படாதடா, வண்டில சர்க்கரை டப்பா கீது. மூடி டைட்டா இருந்துச்சுனு அத்த மட்டும் எறக்கல. நைனாவுக்குத்தான் தெரியுமே, ரெண்டு ஸ்பூன் போட்டுடுவாரு."

நான் அவளிடம் சொல்லவில்லை. "சரி, வெச்சிடு" என்று மட்டும் சொன்னேன்.

முதலாளி கையில் ஜாக்கியோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. மூன்று வாரமாகச் சிரித்தவர் அல்லவா. "பைக்க எட்து போடா" என்று சாவியை வீசினார்.

எட்டு மணிக்கு ஊசி. இப்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. வண்டி ரிப்பேராகி எங்காவது நின்றிருந்தால்கூட யாரிடமாவது போனை வாங்கிப் பேசியிருக்கலாமே. நைனாவுக்கு யார் நம்பரும் மனப்பாடம் கிடையாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஆக்சிடெண்ட் என்று ஒரு யோசனை வந்தது. அதை விரட்டினால், அம்மா வேர்த்துக் கிடக்கிற மாதிரியும் நைனா நிதானமாக டப்பாவைத் திறந்து ஸ்பூனில் அள்ளுகிற மாதிரியும் இன்னொரு படம் ஓடியது. இரண்டில் எது தேவலை என்று தெரியவில்லை.

முக்குப் பெட்டிக்கடையில் இன்ஜினை நிறுத்தாமலே கத்தினேன். "அண்ணே, கால் கிலோ சர்க்கரை, ரெண்டு மாம்பழ ஜூஸு! சீக்கிரம்!"

"இன்னா மாமு, பொண்ணு பாக்கப் போறியா?"

நான் பதில் சொல்லாததைப் பார்த்து அவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். நான் பதில் சொல்லாமல் போன முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும்.

வல்லூரிலிருந்து வருகிறவர்கள் எர்ணாவூர் தாண்டியதும் வலது பக்கம் உள்ரோட்டைப் பிடித்து எங்கள் கடை வழியாகத்தான் ராயபுரம் போவார்கள். இடது பக்கம் கடலோர ரோடு. அந்த ரோட்டில் ஹார்பருக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். நாள் கணக்கில் நிற்கும். உள்ளே விடுகிற வரைக்கும் டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, வண்டிக்கடியில் தூங்குவார்கள். அந்த லைனில் தெரியாமல் மாட்டிக்கொண்டால் முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் டிரெய்லர், இன்னொரு பக்கம் கடல் அரிக்காமல் இருக்கப் போட்ட கருங்கல். வெளியே வர முடியாது. சின்ன வண்டிக்காரன் எவனும் அதில் நுழைய மாட்டான்.

உள்ரோட்டில் எர்ணாவூர் வரைக்கும் போய்விட்டேன். மஞ்சள் நிறத்தில் எதைப் பார்த்தாலும் பிரேக்கை அழுத்தினேன். ஒரு ஆட்டோ, ஒரு தண்ணி லாரியின் கேபின், ஒரு கல்யாணப் பந்தல். வேன் இல்லை. பிரிகிற இடத்தில் இருந்த டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"மஞ்சா ஸ்கூல் வேனா? எட்டரை மணிக்குப் போச்சேபா. லெப்ட்ல திரும்பி டிரெய்லர் லைனுக்குள்ள போச்சு. நான்கூட பாத்துட்டு, ஹார்பருக்கு எதுக்கு ஸ்கூல் பசங்களைக் கூப்டுகினு போறாங்கோனு நெனச்சேன்."

எனக்கு அப்போது புரிந்தது. முப்பது வருஷம் அந்த இடத்தில் இடது பக்கம் திரும்பின கை. டிரெய்லருக்குப் பின்னால் டிரெய்லர் என்று போய் நின்ற கால். நைனா யோசித்திருக்கவே மாட்டார். வேலைக்குப் போகிற மாதிரி போய் லைனில் நின்றிருப்பார்.

இரண்டு வரிசை டிரெய்லருக்கு நடுவில் ஒரு பைக் போகிற அளவுக்கு இடம் இருந்தது. அதில் நுழைந்தேன். இரண்டு பக்கமும் கண்டெய்னர் சுவர். வெயில் தகரத்தில் பட்டு முகத்தில் அடித்தது. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் வேன் இருந்தால் கிட்டப் போகிற வரைக்கும் தெரியாது. ஒவ்வொரு சந்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். டிரைவர்களைக் கேட்டேன்.

இந்த லைனில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பஞ்சர் போட நான்தான் வருவேன். வந்தால் சும்மா போக மாட்டேன். ஒரு தடவை தூங்கிக்கொண்டிருந்தவர்களின் கதவையெல்லாம் தட்டி, "ஹார்பர் கேட்டைத் தொறந்துட்டாங்கோ!" என்று கத்தினேன். இருபது வண்டிக்காரர்கள் பாதிக் குளியலில், பாதிச் சோற்றில் எழுந்து இன்ஜினைப் போட்டார்கள். அன்றைக்கு அவர்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

"அண்ணே, மஞ்சா வேன் ஒண்ணு பாத்தியா? பின்னாடி 'குழந்தைகள் உள்ளனர்'னு எழுதியிருக்கும்."

ஸ்டியரிங்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார். "இன்னாடா, இன்னிக்குப் புது பீலாவா?"

"நெசமா கேக்கறேண்ணே. எங்கம்மா அதுக்குள்ள கீது."

"உங்கம்மாவ ஸ்கூல்ல சேத்துட்டியா?"

அடுத்தவர் கையைக் காட்டினார். "அதோ மாமு, நீ தாண்டி வந்துட்ட. பின்னால, பச்சைப் பெட்டிக்குப் பக்கத்துல கீது." திரும்பினேன். பைக்கைத் திருப்ப இடமில்லாமல் தள்ளிக்கொண்டே ஓடினேன். ஒவ்வொரு பச்சைப் பெட்டியாகப் பார்த்தேன். வேன் இல்லை. தூரத்தில் அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. கேட் திறந்துவிட்டதாக நான் கத்தினபோது சோப்பு நுரையோடு ஓடி வந்தவர் அவர்.

எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். திரும்ப அவரிடம் போய் நின்றேன். கையில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தைக் காட்டினேன். அது என் வேர்வையில் நனைந்து கிழிந்திருந்தது.

"எங்கம்மாவுக்கு சுகர் எறங்கிப் போயிருக்கும்ண்ணே. ஊசி போட்டுக்கினு ஒண்ணும் துன்னல."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கேபினிலிருந்து குதித்தார். "டேய், முன்னாடி ஒரு கெழவரு மஞ்சா வண்டிய வெச்சிக்கினு நின்னாருடா. காலைல பாத்தேன். வா, வா." எனக்கு முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். ஓடிக்கொண்டே ஒவ்வொரு வண்டியையும் தட்டி, "மஞ்சா வேன் எங்கபா?" என்று கத்தினார். அவர் கேட்டதும் எல்லாரும் சரியாகப் பதில் சொன்னார்கள்.

சிவப்புப் பெட்டி ஒன்றுக்கும் நீலப் பெட்டி ஒன்றுக்கும் நடுவில் வேன் இருந்தது. 'குழந்தைகள் உள்ளனர்.' பக்கக் கதவு திறந்திருந்தது. நைனா வாசலில் கால் வைத்து நின்றிருந்தார். ஒரு கையில் எவர்சில்வர் டப்பா, ஒரு கையில் ஸ்பூன்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு வாய் கோணியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"நாலு ஸ்பூன் போட்டுட்டேன்டா. நர்சு ரெண்டுதான் சொன்னா. நான் நாலு போட்டுட்டேன். ஒண்ணும் கேக்கல. இது சுகர் இல்லடா. நெஞ்சுடா. நெஞ்சுதான் நின்னுப்பூடும் போல கீது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு, வழி காட்ட ஒரு டிரைவரு ரோட்டுக்கு ஓடிகினு கீறான். எப்டிடா வரும் இதுக்குள்ள ஆம்புலன்ஸு?"

கட்டிலில் அம்மா கிடந்தாள். தலைமுடியெல்லாம் குளித்த மாதிரி ஒட்டியிருந்தது. ஜாக்கெட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. "பசங்களுக்குச் சுண்டல் வேவல... சுண்டல் வேவல" என்று குழறிக்கொண்டிருந்தாள். பால்வாடி நினைப்பு. உதட்டைச் சுற்றி அந்தத் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

ஜூஸைப் பிரித்து அவள் தலையைத் தூக்கி வாயில் வைத்தேன். "யாரு நீ, போடா" என்று கையைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் சிந்தியது, கொஞ்சம் உள்ளே போனது. முழுங்குகிறாள் என்று தெரிந்தது. மடக்கு மடக்காகக் கொடுத்தேன். இரண்டு ஜூஸும் முடிந்தது. கிழிந்த பொட்டலத்துச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அதையும் கொடுத்தேன். நைனா என் முதுகுக்குப் பின்னால் நின்று, "சர்க்கரை கேக்கலடா, நான்தான் போட்டனே, நான்தான் போட்டனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கால் மணி நேரம் இருக்கும். எனக்கு அது கால் மணி நேரமாகத் தெரியவில்லை. லுங்கிக்காரர் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அம்மாவின் கை நடுக்கம் முதலில் குறைந்தது. பிறகு கண் என் முகத்துக்கு வந்தது. வந்து கொஞ்ச நேரம் நின்றது.

"இன்னாடா, கடையத் தொறக்கலியா இன்னிக்கு?" என்றாள்.

நைனா தரையில் அப்படியே குந்திவிட்டார்.

அம்மா இன்னொரு டம்ளர் குடித்தாள். நைனா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிழிந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த டப்பாவை.

"அதே சர்க்கரதானே இது? நான் போட்டா ஏன் கேக்கல?"

வெளியே நாலைந்து டிரைவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் நான் எத்தனையோ கதை விட்டிருக்கிறேன். அன்றைக்கும் ஒன்று விட்டிருக்கலாம். கரப்பான் மருந்து பட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால்கூட நைனா நம்பியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது.

"அது சர்க்கரை இல்ல நைனா. அம்மா திருட்டுத்தனமா டீல போட்டுக்கினு இருந்துச்சு. அதான் நான் அத்தக் கொட்டிட்டு, சுகர்காரங்க போட்டுக்கற தூளை ரொப்பி வெச்சேன். மூணு வாரம் ஆச்சு."

நைனா டப்பாவுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் வைத்திருந்தார்.

"இனிக்குதேடா" என்றார்.

என்னை அடித்திருக்கலாம் அவர். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் டப்பாவை மூடி, வழக்கமாக அது இருக்கிற இடத்திலேயே பத்திரமாக வைத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அம்மாதான் பேசினாள். குரல் மெலிந்திருந்தது. "அதான் நாக்குல ஒரு மாதிரி சில்லுனு இருந்துச்சா? நான் சர்க்கரை பழசாப் போச்சுனு நெனச்சேன். பேமானி." பிறகு நைனா பக்கம் திரும்பினாள். "நீ இன்னாயா இவனை மொறைக்கற? உன்னை யாரு இந்த லைன்ல வந்து நிக்கச் சொன்னாங்க? எர்ணாவூர்ல ரைட்டு, ரைட்டுனு கத்தறேன், காதுலயே வாங்கல."

"கை தானா போச்சுமே" என்றார் நைனா. "நின்னு அரை மணி நேரம் ஆனப்புறம்தான், பின்னால பெட்டியே இல்லியே, எதுக்கு நிக்கறோம்னு தோணுச்சு."

அதைச் சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அது வெறும் பழக்கம்தானா, இல்லை மறதி வியாதி ஏதாவதா என்று எனக்குள் ஒரு பயம் அன்றைக்கு உட்கார்ந்தது. இன்னும் எழுந்து போகவில்லை. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

லைனை உடைக்க லுங்கிக்காரர்தான் நின்றார். பின்னால் மூன்று டிரெய்லரை அடி அடியாகப் பின்வாங்க வைத்தார், பக்கத்து வரிசையில் இரண்டை முன்னால் நகர்த்தினார். அந்த மாதிரி வண்டியை ஒரு அடி நகர்த்துவது சாதாரணம் இல்லை. "போபா, போபா, ஒடி, லெப்ட்டு ஒடி" என்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேன் வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்து, "பச்சைப் பெட்டினு சொன்னது தப்புதான் மாமு" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பைக்கை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு வேனை நான்தான் ஓட்டினேன். நைனா கொடுத்த சாவி சூடாக இருந்தது.

ஆம்புலன்ஸ் அதுவரைக்கும் வந்து சேரவில்லை. வழியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் எங்கள் மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினார். மாமா வீட்டுக்குப் போகும்போது பதினொன்றரை. மாமி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வழில எங்கயோ நல்லா துன்னுட்டு வந்துகிறீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"சத்தியமா ஒரு வாய் தொடலமே" என்றாள் அம்மா. ஆறிப்போன இட்லி ஐந்து சாப்பிட்டாள். மாமிக்குத் திருப்தி. நடந்ததை நாங்கள் யாரும் அங்கே சொல்லவில்லை. அவரவருக்கு மறைக்க ஒன்று இருந்தது.

இப்போதும் வேன் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கிளம்புகிற வீட்டில் அம்மா ஊசி போட்டுக்கொண்டால், அங்கேயே கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு இட்லி தின்றுவிட்டு, போகிற வீட்டில் பசிக்கிற மாதிரி நடிக்கிறாள். நன்றாகவே நடிக்கிறாள். அந்த விஷயத்தில் நான் அவள் பிள்ளைதான். எர்ணாவூர் பிரிவு வந்தால், முன் சீட்டிலிருந்து கையை நீட்டி ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொள்கிறாள். நைனா வலது பக்கம் ஒடிக்கிறார்.

டப்பாவைக் கழுவி, அசல் சர்க்கரை வாங்கி நான்தான் நிரப்பினேன். அதற்கப்புறம் நான் வேனுக்கு எதை வாங்கிப்போனாலும், சர்க்கரை, உப்பு, டீத்தூள், எதுவானாலும், நைனா பொட்டலத்தைப் பிரித்து விரலால் தொட்டு முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டி அம்மாவிடம் கொடுக்கிறார். என்னை நம்பாமல் செய்கிறார், அது எனக்கு வலிக்கிறது, ஆனாலும் நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தூளும்தான் நாக்கில் இனித்தது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.